ஒலிம்பஸ் ஓஎம்-1

இக்கட்டுரை 1972ஆம் ஆண்டில் வெளிவந்த படச்சுருள் ஒளிப்படக்கருவியைப் பற்றியது. 2022இல் இதே எண்ணுடன் வெளிவந்த எண்ணிம ஒளிப்படக்கருவி இதனின்றும் வேறானது.

ஒலிம்பஸ் ஓஎம்-1 என்பது ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, 35 மி.மீ. படச்சுருளைப் பயன்படுத்தும் தனிவில்லை எதிரொளிப்பு ஒளிப்படக்கருவி (எஸ்எல்ஆர்) ஆகும். இதனை வடிவமைத்தவர் யோஷிஹிசா மைத்தானி. எஸ்எல்ஆர் வகைக் கருவிகள் பெரியவையாகவும் எடை மிகுந்தவையாகவும் இருந்த காலத்தில், ஏறத்தாழ 510 கிராம் எடையில், முழுமையான வசதிகளுடன் இது வெளிவந்தது. இதன் தயாரிப்பு 1987இல் முடிவுற்றது. எனினும் சிறிய பழைய படச்சுருள் கருவிகளைப் பற்றிப் பேசப்படும்போது முதலில் குறிப்பிடப்படும் கருவிகளுள் ஒன்றாக இது இன்றும் விளங்குகின்றது. சிறிய உருவம் மட்டும் இப்புகழுக்குக் காரணம் அன்று. மின்கலமே இல்லாமலும் இக்கருவியால் படமெடுக்க முடியும் என்பதும், சுருக்கத்திற்காக நோக்குசாளரம் போன்ற அடிப்படைப் பகுதிகள் குறைக்கப்படவில்லை என்பதும் முக்கியக் காரணங்களாகும்.

பின்னணி

எஸ்எல்ஆர் கருவியில், வில்லை வழியாக வரும் ஒளி 45 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும் ஆடியில் பட்டு மேல்நோக்கித் திரும்புகின்றது. அது ஒரு திரையில் உருவமாக விழுகின்றது. அவ்வுருவம் ஐம்பட்டகம் என்னும் கண்ணாடிக் கட்டியின் வழியாக நேராக்கப்பட்டுக் கண்ணை அடைகின்றது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்ப, ஷட்டர் திறந்து ஒளி படச்சுருளின் மேல் விழுகின்றது. வில்லை காண்பதையே படமெடுப்பவரும் காண்பது இவ்வமைப்பின் சிறப்பு. ஆடிக்கும் பட்டகத்திற்கும் இடம் தேவைப்படுவதால் கருவி பருமனாவதும், ஆடி எழும்பும்போது ஓசையும் அதிர்வும் உண்டாவதும் இதன் குறைகள்.

1957இல் அசாஹி பென்டாக்ஸ், 1959இல் நிக்கான் எஃப் ஆகியவை வெளிவந்த பின் எஸ்எல்ஆர் வகை உலகெங்கும் பரவியது. தொழில்முறைக் கருவிகள் நாளடைவில் மேலும் கனத்தன. 1971இல் வெளிவந்த நிக்கான் எஃப்2, ஒளியளவியுடன் கூடிய நோக்குசாளரம் பொருத்தப்பட்ட நிலையில், வில்லை இல்லாமலேயே ஏறத்தாழ 840 கிராம் எடை கொண்டிருந்தது. மாற்று வில்லைகள் சிலவற்றையும் சேர்த்துச் சுமப்பவருக்கு இது பெரும் சுமையாகும்.

மைத்தானி 1933இல் பிறந்தவர். வசேதா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1956இல் ஒலிம்பசில் சேர்ந்தார். 1959இல் வெளிவந்த ஒலிம்பஸ் பென் இவரது வடிவமைப்பே. வழக்கமான 24 × 36 மி.மீ. சட்டத்தின் பாதியளவில் படமெடுத்த அக்கருவி பெரும் வெற்றி பெற்றது. 1963இல் பாதிச்சட்ட எஸ்எல்ஆர் ஆகிய பென் எஃப் கருவியையும் உருவாக்கினார். தாம் லைக்கா கருவியைப் பயன்படுத்தி வந்தமையால், சிறிய ஓசையற்ற கருவி ஒன்றைக் கையில் வைத்திருப்பதன் அருமையை அவர் அறிந்திருந்தார். பெரிய உருவம், மிகுந்த எடை, அதிர்வோசை ஆகிய மூன்றையும் எஸ்எல்ஆர் வகையின் மூன்று தீமைகளாக அவர் கருதினார். அம்மூன்றையும் முழுச்சட்டக் கருவி ஒன்றில் நீக்குவதே ஓஎம்-1 திட்டத்தின் நோக்கமாக இருந்தது.

பெயர்

இக்கருவி முதலில் எம்-1 என்னும் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. லைக்கா கருவிகளைத் தயாரித்த ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம், தனது எம் வரிசைப் பெயர்களுடன் இது குழப்பம் விளைவிக்கும் என்று எதிர்ப்புத் தெரிவித்தது. இதனால் ஒலிம்பசின் முதலெழுத்து முன்னால் சேர்க்கப்பட்டு ஓஎம்-1 எனப் பெயர் மாற்றப்பட்டது. எம்-1 என்று பொறிக்கப்பட்ட தொடக்ககாலக் கருவிகளைச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகின்றனர். அமைப்பில் அவை ஓஎம்-1இலிருந்து பெரிதும் வேறுபட்டவை அல்ல.

வடிவமைப்பு

அளவைக் குறைத்த முறை

ஓஎம்-1இன் உடல் 136 மி.மீ. அகலமும் 83 மி.மீ. உயரமும் 50 மி.மீ. தடிப்பும் கொண்டது. படச்சுருளின் சட்ட அளவையும் ஆடியின் அளவையும் குறைக்க இயலாது. எனவே பிற பாகங்களின் இடம் மாற்றியமைக்கப்பட்டது. அக்காலக் கருவிகள் பலவற்றில் ஷட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறியமைப்பு மேற்பகுதியில் இருந்தது. ஓஎம்-1இல் அது ஆடிப்பெட்டியின் அடிப்பகுதிக்கு மாற்றப்பட்டது. ஷட்டர் திரைகளை இழுக்க அகன்ற நாடாக்களுக்கு மாற்றாக மெல்லிய கயிறுகள் பயன்படுத்தப்பட்டன.

இம்மாற்றத்தின் விளைவு வெளிப்புறத்திலும் தெரியும். ஷட்டர் வேகத்தை மாற்றும் வளையம் மேற்பகுதியில் இல்லாமல், வில்லை பொருந்தும் இடத்தைச் சுற்றி அமைந்துள்ளது. வில்லைத் துளையை மாற்றும் வளையம் வில்லையின் முன்முனையிலும், குவியத்தைச் சரிசெய்யும் வளையம் இவ்விரண்டிற்கும் இடையிலும் உள்ளன. ஆகவே நோக்குசாளரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையாலேயே மூன்றையும் இயக்கலாம். மேற்பகுதியில் பிற கருவிகளில் ஷட்டர் வேகத் திருகு இருக்கும் இடத்தில், இதில் படச்சுருளின் உணர்திறனைக் குறிக்கும் திருகு உள்ளது. பிற கருவிகளில் பழகியவர்கள் முதலில் இதனை ஷட்டர் வேகத் திருகு என்று தவறாக எண்ணுவதுண்டு.

நோக்குசாளரம்

கருவி சிறிதாயினும் வியூஃபைண்டர் எனப்படும் நோக்குசாளரம் பெரியது. 50 மி.மீ. வில்லையுடன் தொலைவில் குவியப்படுத்தும்போது இதன் உருப்பெருக்கம் 0.92 மடங்கு ஆகும். அதாவது உருவம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவை நெருங்கித் தெரிகின்றது. படத்தில் பதியும் பரப்பில் 97 விழுக்காடு இதில் காணப்படும். தானே குவியப்படுத்தும் வசதி இல்லாத கருவியில், உருவம் எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றதோ அவ்வளவு துல்லியமாகக் கையால் குவியப்படுத்தலாம். பிற்கால மலிவு விலை எண்ணிம எஸ்எல்ஆர் கருவிகளின் சிறிய நோக்குசாளரத்தில் பழகியவர்கள் ஓஎம்-1ஐக் கையிலெடுக்கும்போது முதலில் வியப்பது இதைக் கண்டுதான்.

அதிர்வும் ஓசையும்

ஆடி மேலெழும்பி மோதும் விசையைத் தணிக்கக் காற்றுத் தணிப்பி பயன்படுத்தப்பட்டது. ஷட்டர் கிடைத்திசையில் நகரும் துணித்திரை வகையைச் சார்ந்தது. ஆதலால் அக்கால எஸ்எல்ஆர் கருவிகளுடன் ஒப்பிடுகையில் இதன் ஓசை மென்மையானது. ஆடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் வசதியும் உண்டு.

மின்கலம் இன்றி இயங்குதல்

ஓஎம்-1 முழுவதும் இயந்திர விசையால் இயங்குவது. 1 நொடி முதல் 1/1000 நொடி வரையிலான எல்லா வேகங்களும், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் பி நிலையும் வில்சுருள்களாலும் பற்சக்கரங்களாலும் கட்டுப்படுத்தப்படுகின்றன. மின்கலம் ஒளியளவிக்கு மட்டுமே தேவை. நோக்குசாளரத்தில் தெரியும் முள் நடுவில் நிற்குமாறு வேகத்தையோ வில்லைத் துளையையோ மாற்றினால் சரியான ஒளியளவு கிடைக்கும். மின்கலம் தீர்ந்துவிட்டால் இந்த முள் மட்டுமே அசையாது. கருவி தொடர்ந்து படமெடுக்கும்.

பயன்பாடு

நுண்ணோக்கித் தயாரிப்பில் தொடங்கிய நிறுவனம் ஆதலால், அண்டவெளி முதல் நுண்ணுயிர் வரை எதனையும் படமெடுக்க வல்ல தொகுதியாக ஓஎம் வரிசையை ஒலிம்பஸ் உருவாக்கியது. நுண்ணோக்கி இணைப்புகள், அண்மைப்பட வில்லைகள், பல வகைக் குவியத் திரைகள் முதலியன இதற்கெனத் தயாரிக்கப்பட்டன. திரைகளை வில்லைப் பொருத்தி வழியாகப் பயனரே மாற்றலாம்.

வானியல் ஒளிப்படத்துறையில் ஓஎம்-1 நீண்டகாலம் விரும்பப்பட்டது. மங்கலான வான்பொருள்களைப் படச்சுருளில் பதிவு செய்ய ஷட்டரைப் பல நிமிடங்கள், சில வேளைகளில் மணிக்கணக்காகத் திறந்து வைக்க வேண்டும். மின்சாரத்தால் ஷட்டரைத் திறந்து வைக்கும் கருவிகளில் குளிர்ந்த இரவில் மின்கலம் தீர்ந்துபோகும். ஓஎம்-1இல் அச்சிக்கல் எழாது. ஆடியை முன்னரே உயர்த்திவிடலாம் என்பதால் தொலைநோக்கியும் அதிராது.

பிரித்தானியாவின் தி அப்சர்வர் இதழின் ஒளிப்படக்கலைஞர் ஜேன் பௌன் (1925–2014) ஓஎம்-1 கருவியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர். இயற்கை ஒளியில் கறுப்பு வெள்ளை உருவப்படங்களை எடுத்த இவர், தம் புறங்கையில் விழும் ஒளியைப் பார்த்தே ஒளியளவை மதிப்பிடுவார். ஒளியளவியைச் சாராமல் முழுமையாக இயங்கும் ஒரு கருவி இத்தகைய பழக்கத்திற்கு ஏற்றதாக இருந்தது.

பிற நிறுவனங்களில் தாக்கம்

ஓஎம்-1இன் வெற்றிக்குப் பின் பிற நிறுவனங்களும் சிறிய எஸ்எல்ஆர் கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கின. 1976இல் பென்டாக்ஸ் நிறுவனம் எம்இ, எம்எக்ஸ் ஆகியவற்றை வெளியிட்டது. எம்எக்ஸ் 135.5 × 82.5 × 49.5 மி.மீ. அளவுடையது, அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் ஓஎம்-1ஐ விட அரை மில்லிமீட்டர் மட்டும் சிறியது. 1977இல் நிக்கான் எஃப்எம் ஏறத்தாழ 590 கிராம் எடையில் வெளிவந்தது.

வகைகள்

ஓஎம்-1 எம்டி: 1974இல் வெளிவந்தது. இதில் படச்சுருளைத் தானே நகர்த்தும் மின்பொறியை நேரடியாகப் பொருத்தலாம்.

ஓஎம்-1என்: 1979இல் வெளிவந்தது. பிளாஷ் ஆயத்தமாக இருப்பதை நோக்குசாளரத்தில் காட்டும் விளக்கு சேர்க்கப்பட்டது.

ஓஎம்-2: 1975இல் வெளிவந்த, மின்னணு ஷட்டருடன் கூடிய கருவி. படமெடுக்கும் கணத்திலேயே திரையிலும் படச்சுருளிலும் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து ஷட்டர் வேகத்தைத் தானே தீர்மானிப்பது. இது மின்கலம் இன்றி வழக்கம்போல் இயங்காது.

ஓஎம் வரிசை முழுவதும் நிறுத்தப்படுவதாக 2002இல் ஒலிம்பஸ் அறிவித்தது.

குறைபாடுகள்

பிளாஷுடன் பயன்படுத்தத்தக்க உச்ச வேகம் 1/60 நொடி மட்டுமே. எடை மிகுந்த தொலைவில்லைகளைப் பொருத்தும்போது கருவி முன்பக்கம் சாய்கின்றது. பெரிய கை உடையவர்கள் சிலருக்கு இதன் சிறுமையே இடையூறாகின்றது.

பட்டகத்தைச் சுற்றி வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு காலப்போக்கில் சிதைந்து, பட்டகத்தின் வெள்ளிப் பூச்சை அரிப்பது நன்கறியப்பட்ட குறையாகும். அவ்வாறு அரிக்கப்பட்ட கருவியில் நோக்குசாளரத்தில் கரும்புள்ளிகளோ கோடுகளோ தெரியும். இது எடுக்கப்படும் படத்தைப் பாதிப்பதில்லை. ஆயினும் பழைய ஓஎம்-1 வாங்குவோர் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே. பின்கதவின் ஒளித்தடுப்புப் பஞ்சும் பிசுபிசுத்து உதிரும். அதனை எளிதில் மாற்றிவிடலாம்.

பாதரச மின்கலம்

ஒளியளவி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்திற்காக வடிவமைக்கப்பட்டது. ஏறத்தாழத் தீரும் வரை மின்னழுத்தம் மாறாமல் இருப்பதே அம்மின்கலத்தின் சிறப்பு. ஆனால் குப்பையில் சேரும் பாதரசம் நீரிலும் உணவிலும் கலந்து நஞ்சாகும். இக்கருவி உருவான ஜப்பானிலேயே, மினமாட்டா நகரில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசத்தால் மக்கள் நரம்பு நோய்க்கு ஆளாயினர். அந்நோய் 1956இல் கண்டறியப்பட்டது. 1996இல் அமெரிக்கா பாதரச ஆக்சைடு பொத்தான் மின்கலங்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. அந்நகரின் பெயரால் அமைந்த பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது.

இன்று 1.5 வோல்ட் மின்கலத்தை இட்டால் ஒளியளவி உள்ளதை விடக் கூடுதலான ஒளியைக் காட்டும். அதனை நம்பினால் படம் இருண்டுவிடும். இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன: மின்னழுத்தத்தைக் குறைக்கும் இருமுனையம் கொண்ட இணைப்பியுடன் வெள்ளி ஆக்சைடு மின்கலத்தைப் பயன்படுத்துதல், காதுகேட்புக் கருவிகளுக்கான துத்தநாகக் காற்று மின்கலத்தைப் பயன்படுத்துதல், ஒளியளவியைப் புதிய மின்னழுத்தத்திற்கு ஏற்பத் திருத்தியமைத்தல். இரண்டாவது முறையில் மின்கலம் விரைவில் தீரும். எம்முறையையும் பின்பற்றாதவர் தனி ஒளியளவியைக் கொண்டும் படமெடுக்கலாம். தனக்குரிய மின்கலம் உலகிலிருந்தே மறைந்த பின்னரும் இக்கருவி பயனற்றுப் போகாமைக்கு அதன் இயந்திர அமைப்பே காரணம்.

பிற்காலப் புகழ்

எண்ணிம ஒளிப்படவியல் பரவியதும் படச்சுருள் கருவிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. 2010களில் படச்சுருள் மீதான ஆர்வம் மீண்டும் எழுந்தபோது சிறிய, இயந்திர வகைக் கருவிகள் தேடப்பட்டன. ஓஎம்-1இன் தோற்றமும் எண்ணிமக் கருவிகளில் மறுபடி தோன்றியது. 2012இல் ஒலிம்பஸ் வெளியிட்ட ஓஎம்-டி ஈ-எம்5 அத்தகையது. 2021இல் ஒலிம்பசின் ஒளிப்படக்கருவிப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. அந்நிறுவனம் 2022இல் தனது எண்ணிமக் கருவி ஒன்றிற்கு ஓஎம்-1 என்றே பெயரிட்டது.

எனினும் பழைய ஓஎம்-1 கருவிகள் புதிதாக உருவாகப் போவதில்லை. உதிரிப் பாகங்கள் பழுதடைந்த பிற கருவிகளிலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. எனவே எஞ்சியுள்ளவற்றின் வாழ்நாள், துப்புரவு செய்து எண்ணெயிட்டு ஷட்டர் வேகங்களைச் சரிபார்க்கத் தெரிந்த பழுதுநீக்குநர்களைப் பொறுத்தே அமையும்.

விவரக்குறிப்புகள்

வகை: 35 மி.மீ. படச்சுருள் எஸ்எல்ஆர்
சட்ட அளவு: 24 × 36 மி.மீ.
வில்லைகள்: ஓஎம் பொருத்தி, சுய்க்கோ வில்லைகள்
ஷட்டர்: கிடைத்திசைத் துணித்திரை, 1 – 1/1000 நொடி, பி நிலை
ஒளியளவி: காட்மியம் சல்பைடு, முள் காட்டி
நோக்குசாளரம்: 0.92 மடங்கு, 97 விழுக்காடு
அளவு: 136 × 83 × 50 மி.மீ. (உடல் மட்டும்)
எடை: ஏறத்தாழ 510 கிராம் (உடல் மட்டும்)