தொண்டையில் இறங்கிய பல்செட்

வாயில் அளவெடுத்துச் செய்த அச்சில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை அடைத்து, வெந்நீரில் வேகவைத்து இறுக்கியபோது அது உருவானது. இரண்டு பொய்ப்பற்கள், பக்கத்துப் பற்களைக் கவ்வ இருபுறமும் வளைத்துவிட்ட எஃகுக் கம்பி. கழற்றி மாட்டும் அந்தப் பல்செட் சில ஆண்டுகள் ஒழுங்காக உழைத்தது.

பிறகு ஈறும் தாடை எலும்பும் தேய்ந்தன, கம்பியின் பிடி தளர்ந்தது. பேசும்போது ஆடியது. ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்’ என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் அவசரமாக மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்தபோது, அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது.

உணவுக்குழாயில் மூன்று இடங்கள் குறுகலானவை. முன்பற்களிலிருந்து சுமார் 15 செ.மீ. ஆழத்தில் குழாயின் வாசல், 25 செ.மீ. அளவில் பெருந்தமனி வளைந்து அழுத்தும் இடம், 40 செ.மீ. அளவில் இரைப்பையின் நுழைவாயில். விழுங்கிய பொருள்களில் பெரும்பாலானவை இவற்றைக் கடந்து மலத்தோடு போய்விடும். பல்செட்டின் கம்பி அப்படி விடாது. தூண்டில் முள்போல் சுவரில் ஏறிக்கொள்ளும்.

இந்த நேரத்தில் வீட்டில் வாழைப்பழமும் சோற்றுருண்டையும் வரும். “முழுங்குங்க, கூடவே எறங்கிடும்” என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு கவளமும் கம்பியை இன்னும் ஆழமாக அழுத்தும். சுவர் கிழிந்தால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும். ஒட்டினாற்போலப் பெருந்தமனி இருக்கிறது. வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது.

எக்ஸ்ரேயிலும் ஏமாற இடமுண்டு. அக்ரிலிக் அதில் தெரியாது. கம்பி இருந்தால் கம்பி மட்டும் தெரியும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். உணவுக்குழாயில் சிக்கிய கூர்மையான பொருளை 2 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 6 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி மூலம் எடுக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய இரைப்பை-குடல் எண்டோஸ்கோபி சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல்.

மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பை இறக்கியதும் திரையில் இளஞ்சிவப்புத் தகடும், சவ்வில் புதைந்த கம்பியும் தெரிகின்றன. அப்படியே இழுத்தால் கிழியும். மருத்துவர் இடுக்கியால் பிடித்து, கம்பியை மெல்ல விடுவித்து, கூர்முனை பின்னால் வரும்படி திருப்புகிறார். முன்னால் போகும் முனைதான் குத்தும், பின்னால் இழுபடும் முனை குத்தாது என்பது பிலடெல்பியா மருத்துவர் ஷெவாலியர் ஜாக்சன் நூறாண்டுக்கு முன்பே வலியுறுத்திய விதி. எண்டோஸ்கோப்பின் முனையில் மாட்டிய ரப்பர் உறையோ, தொண்டை வழியே செருகிய தடித்த குழாயோ சுவருக்குக் காப்பு. பொருள் வெளியே வந்த பிறகு, காயம் ஏதும் உண்டா என்று மறுபடி உள்ளே பார்க்கிறார்கள்.

இந்தப் பயணம் இப்படி நல்லபடியாக முடிவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான் தீர்மானமாகிறது. ஆடுகிற பல்செட்டை உடனே சரிசெய்யுங்கள், படுக்கும்முன் கழற்றி வையுங்கள். அது காணாமல்போய்த் தொண்டையில் வலியோ அடைப்போ இருந்தால், எதையும் சாப்பிடாமல் மருத்துவமனைக்குப் போய், “பல்செட்டைக் காணோம்” என்று முதலில் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.