நேதாஜி ஏறிச் சென்ற கார்

கணக்குப் பதிவியலில் ஒரு காரின் கதை மிகவும் சுருக்கமானது. வாங்கிய நாளிலிருந்து தேய்மானம். சில ஆண்டுகளில் ஏட்டு மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அதன்பின் காயலான் கடைதான்! ஆனால் அப்படி ஏட்டில் மதிப்பே இல்லாத ஒரு காரை, 76 ஆண்டுகள் கழித்துப் பழுது பார்த்துப் புதுப்பித்த கதை உண்டு.

அது ஜெர்மனியில் தயாரான வாண்டரர் டபிள்யூ 24. இன்றைய ஆடி கார்களின் முகப்பில் இருக்கும் நான்கு வளையங்களில் ஒன்று வாண்டரரைக் குறிப்பதுதான். நான்கு சிலிண்டர், 42 குதிரைத்திறன். பதிவு எண் பி.எல்.ஏ. 7169. உரிமையாளர்கள், கல்கத்தாவின் போஸ் குடும்பத்தினர்.

1940 டிசம்பரில், சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடல் நலிந்த சுபாஷ் சந்திர போஸை ஆங்கிலேய அரசு வீட்டுக்கு அனுப்பியது. எல்ஜின் சாலை வீட்டைச் சுற்றிலும் போலீஸ் கண்காணிப்பு. 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டிய நேரத்தில், 'முகமது ஜியாவுத்தீன்' என்ற இன்சூரன்ஸ் ஏஜெண்டாக வேடமிட்டு அந்தக் காரில் ஏறினார் சுபாஷ்.

காரை ஓட்டியவர் யார் தெரியுமா? அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர்குமார். மருத்துவக் கல்லூரி மாணவர். அப்போது அவருக்கு 21 வயது கூட நிரம்பவில்லை! பிடிபட்டால் சிறை நிச்சயம் என்று தெரிந்தே ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இரவெல்லாம் பயணம். பகலில் தன்பாத் அருகே சிசிரின் அண்ணன் வீட்டில் தங்கல். மறுநாள் இரவு கோமோ ரயில் நிலையம். அங்கிருந்து கால்கா மெயிலில் ஏறிய சுபாஷ், பெஷாவர், காபூல் வழியாக பெர்லினை அடைந்தார். சிசிரோ எதுவும் நடக்காதது போல் காரைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். சுபாஷ் காணாமல் போன செய்தி வெளியே வந்தது ஜனவரி 26 அன்றுதான். பின்னாளில் சிசிரும் கைதாகி, லாகூர் கோட்டைச் சிறை வரை போய்வந்தார்.

கார் என்ன ஆனது? நேதாஜி பவனில் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. ஓடாமல் நிற்பதுதான் ஒரு காருக்கு மிகப் பெரிய நோய். பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ரப்பர்கள் இறுகும். டயர் வெடிக்கும். தகட்டில் துரு ஏறும். 1930களின் ஜெர்மன் காருக்கு உதிரி பாகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆனாலும் ஆடி நிறுவனத்தின் உதவியோடு வேலை நடந்தது. 1941-ல் இருந்த தோற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதைத் திறந்து வைத்தார். 2000-ல் மறைந்துவிட்ட சிசிர் அதைப் பார்க்கவில்லை.

கோமோ நிலையத்துக்கு 2009-லும், கால்கா மெயிலுக்கு 2021-லும் நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது. நல்லதுதான். ஆனால் அந்த இரவில் வண்டி ஓட்டிய கல்லூரி மாணவனின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? புதுப்பிக்க வேண்டியது காரை மட்டும்தானா?