பூனையின் ஒன்பது உயிரும் ஒரு தொடரின் 93 அங்கங்களும்

மண்ணுக்குள் இறக்கப்பட்ட சவப்பெட்டிக்குள் ஒருவன் படுத்திருக்கிறான். பெயர் உல்ரிக். வீடு வாசல் இல்லாமல் தெருவில் திரிந்தவன். மருத்துவர் ஒருவர் பூனையின் சுரப்பி ஒன்றை எடுத்து அவன் தலைக்குள் பொருத்திவிட்டார். மேல்நாட்டார் நம்பிக்கைப்படி பூனைக்கு ஒன்பது உயிர். ஆகவே இப்போது உல்ரிக்குக்கும் ஒன்பது உயிர். கேளிக்கைச் சந்தையில் டிக்கெட் விற்று, கூட்டத்தின் முன்னால் செத்துச் செத்துப் பிழைத்துப் பணம் பார்க்கிறான். கடைசிக் காட்சி, உயிரோடு புதைபடுவது. இது போனாலும் இன்னும் ஓர் உயிர் கையிருப்பில் இருக்கிறது என்ற தைரியம் அவனுக்கு. பெட்டிக்குள் படுத்தபடி கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. சுரப்பியை எடுத்தபோது அந்தப் பூனை செத்ததே, அதுவும் ஓர் உயிர்தானே!

பார்ப்பவர்களுக்குச் சிரிப்பும் வருகிறது, மூச்சும் முட்டுகிறது. 1989ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி அமெரிக்காவின் எச்.பி.ஓ. கட்டணத் தொலைக்காட்சியில் ஒளியேறிய ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ தொடரின் தொடக்க அங்கங்களில் இதுவும் ஒன்று. ‘சூப்பர்மேன்’ திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்ட் டோனரின் கைவண்ணம். கிரிப்ட் என்றால் நிலவறைக் கல்லறை. ஒவ்வொரு அங்கத்தையும் அந்தக் கல்லறையின் காவலன், அழுகிய முகமும் கீச்சுக் குரலும் கொண்ட ‘கிரிப்ட் கீப்பர்’ என்ற பொம்மை, சிலேடை பேசித் தொடங்கி வைக்கும். 1996 ஜூலை வரை ஏழு பருவங்கள், மொத்தம் 93 அங்கங்கள்.

இந்த 93ஐயும் பார்த்து முடித்த எவரும் ஒரே குரலில் பாராட்டுவதில்லை. ஒரு வாரம் வியப்பு, மறு வாரம் கொட்டாவி. மனிதன் வேறொன்றாக மாறும் உருமாற்றக் கதைகளில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. பூனை மனிதனைப் போல நெஞ்சில் நிற்பவை சில. ஒப்பனைக் கலைஞரின் உழைப்பைத் தவிர வேறெதுவும் நினைவில் தங்காதவை பல. ஒரே தயாரிப்பாளர்கள், ஒரே கல்லறைக் காவலன், ஒரே அரை மணி நேரம். பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? விடை தேட வேண்டுமானால் தொலைக்காட்சியை விட்டுவிட்டு 1950ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

நியூயார்க்கில் இ.சி. காமிக்ஸ் என்றொரு சிறிய சித்திரக்கதை நிறுவனம் இருந்தது. நிறுவியவர் மேக்ஸ் கெய்ன்ஸ். கல்விக்கான சித்திரக்கதைகள் வெளியிடுவதே அவர் நோக்கம். நிறுவனப் பெயரில் இருந்த ‘இ’ என்ற எழுத்தும் கல்வியைத்தான் குறித்தது. 1947இல் அவர் படகு விபத்தில் இறந்துவிட, மகன் வில்லியம் கெய்ன்ஸ் பொறுப்பேற்றார். அதே எழுத்தை வைத்துக்கொண்டே கல்வியைக் கேளிக்கையாக மாற்றிவிட்டார்! 1950இல் அவரும் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டீனும் திகில் இதழ்களைத் தொடங்கினார்கள். ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ அவற்றில் ஒன்று. இதழின் விலை 10 காசு. பெரும்பாலும் ஓர் இதழில் நான்கு கதைகள். கெய்ன்ஸ் படித்ததையெல்லாம் வைத்துக் கதைக்கரு சொல்வார், ஃபெல்ட்ஸ்டீன் எழுதித் தள்ளுவார். அப்படிச் சுடச்சுடத் தயாரான சரக்கில் எல்லாமே முதல் தரமாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் வாசகன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கதை சப்பென்று இருந்தால் பக்கத்தைப் புரட்டினால் போதும், அடுத்தது காத்திருக்கிறது. நான்கில் இரண்டு நன்றாக இருந்தால் 10 காசுக்கு லாபம்தான்.

அந்தக் கதைகளுக்கு ஒரு பொது அச்சு உண்டு. பேராசைக்காரன் ஒருவன் குறுக்கு வழியில் ஒன்றை அடைவான். கடைசிப் பக்கத்தில் அதே ஆசையின் வடிவிலேயே தண்டனை வரும். நீதி கிடைக்கும், ஆனால் கோணல் சிரிப்போடு கிடைக்கும்.

பெற்றோரும் அரசியல்வாதிகளும் சிரிக்கவில்லை. 1954 ஏப்ரலில் இளையர் குற்றச்செயல் பற்றி விசாரித்த அமெரிக்க மேலவைத் துணைக்குழு முன்னால் கெய்ன்ஸ் சாட்சியம் அளித்தார். கோடரியும் வெட்டுண்ட பெண் தலையும் கொண்ட ஓர் அட்டைப்படத்தைச் செனட்டர் கெஃபாவர் தூக்கிக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்ற பொருளில் கெய்ன்ஸ் பதில் சொன்னார். அந்தப் பதில் அவருக்கு எதிராகவே திரும்பியது. அதே ஆண்டில் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். நடமாடும் பிணம், இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றுக்கும் அதில் பெயர் சொல்லித் தடை. ஒரு வகையில் உருமாற்றத்துக்கே தடை விதித்தார்கள் எனலாம். 1955இல் திகில் இதழ்கள் நின்றுபோயின. ‘மேட்’ என்ற நகைச்சுவை இதழை வைத்துக்கொண்டு கெய்ன்ஸ் பிழைத்தார். அது வேறு கதை.

அந்த இதழ்களைப் படித்து வளர்ந்த தலைமுறை பிறகு ஹாலிவுட்டில் பெரிய நாற்காலிகளில் அமர்ந்தது. டோனர், வால்டர் ஹில், ராபர்ட் ஜெமெக்கிஸ், ஜோயல் சில்வர், டேவிட் கைலர் ஆகிய ஐவரும் நிர்வாகத் தயாரிப்பாளர்களாகச் சேர்ந்து தொடரை உருவாக்கினார்கள். எச்.பி.ஓ.வில் விளம்பர இடைவேளை இல்லை, மற்ற ஒளிவழிகளுக்கு இருந்த தணிக்கைக் கெடுபிடியும் இல்லை. முதல் இரவில் மூன்று அங்கங்களை அடுத்தடுத்து ஒளியேற்றினார்கள். மரண தண்டனை நிறைவேற்றுபவனைப் பற்றி ஹில் இயக்கியது ஒன்று. கிறிஸ்மஸ் தாத்தா வேடத்தில் வரும் கொலைகாரனைப் பற்றி ஜெமெக்கிஸ் இயக்கியது இன்னொன்று. மூன்றாவது பூனை மனிதன். அன்று தொலைக்காட்சியைத் திறந்தவருக்கு ஏறக்குறைய ஒரு முழு இதழே கிடைத்தது.

அடுத்தடுத்த வாரங்களில் அப்படி இல்லை. ஒரு வாரத்துக்கு ஒரு கதை என்ற நிலை வந்தபோது நேயரின் பொறுமை மாறிவிட்டது. புரட்டுவதற்கு அடுத்த பக்கம் இல்லை. சுமாரான ஒரு கதை அந்த வாரம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. முதல் பருவத்தில் ஆறே அங்கங்கள். இரண்டாம் பருவத்தில் பதினெட்டு! ஒவ்வோர் அங்கத்துக்கும் வேறு வேறு நடிகர்கள், பெரும்பாலும் வேறு இயக்குநர். தொடர்ந்து வரும் கதாபாத்திரம் அந்தப் பொம்மை மட்டுமே. தொடர் நாடகத்தில் ஒரு வாரம் கதை தொய்ந்தாலும் பழகிய முகங்கள் காப்பாற்றிவிடும். தனிக்கதைத் தொடருக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

முதல் பருவத்தின் ‘ஒன்லி சின் டீப்’ நல்ல உருமாற்றக் கதை எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டுகிறது. விலைமாது ஒருத்தி அடகுக்கடைக்குப் போகிறாள். கடைக்காரர் கேட்பது நகையை அல்ல, அவள் அழகை. 10,000 டாலருக்கு முகத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் உடுத்திக்கொண்டு பணக்காரன் ஒருவனை வளைக்கிறாள். பிறகு சுருக்கம் விழத் தொடங்குகிறது. அடகை மீட்க இப்போது பத்து மடங்கு தொகை வேண்டும். பணத்துக்காகக் கொலையும் செய்கிறாள். ஆனால் போலீஸ் தேடுவது அந்த அழகிய முகத்தை! மீட்டால் சிறை, மீட்காவிட்டால் கிழக்கோலம். லியா தாம்சன் நடிப்பில் ஒப்பனை படிப்படியாக ஏறுகிறது. ஆனால் நம்மைப் பிடித்து உட்கார வைப்பது அந்த அடகுக் கணக்கு.

1990இல் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் இயக்கிய ‘தி ஸ்விட்ச்’ இதைவிட ஒரு படி மேல். ஆம், நடிகர் ஷ்வார்ஸ்நெகரேதான். கிழக் கோடீஸ்வரர் ஒருவர் இளம்பெண் மீது ஆசை வைக்கிறார். அவளோ இளமையை எதிர்பார்ப்பவள் போலத் தெரிகிறது. மருத்துவர் ஒருவரிடம் போய், கட்டுடல் இளைஞன் ஒருவனின் முகத்தை விலைக்கு வாங்குகிறார். அது போதவில்லை. அடுத்து உடம்பு, அதற்கடுத்துக் கால்கள். ஒவ்வொரு முறையும் விலை ஏறுகிறது, சொத்து கரைகிறது. முழு இளைஞனாகி அவள் முன்னால் நிற்கும்போது, அவளுக்கு ஏற்கெனவே வேறொருவரோடு திருமணம் ஆகிவிட்டிருக்கிறது. யாரோடு? கிழவரின் பழைய உடம்போடும் அவர் கொடுத்த பணத்தோடும் வாழ்கிற அதே இளைஞனோடு! வில்லியம் ஹிக்கி அந்தக் கிழவராக நடித்திருக்கும் விதம் அலாதியானது. இளைய முகத்தோடும் தளர்ந்த உடலோடும் ஒருவர் காதல் பேசும் காட்சியில் எங்கே சிரிப்பது, எங்கே இரக்கப்படுவது என்று தெரியாமல் நேயர் தடுமாறுவார். திகிலும் நகைச்சுவையும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

அதே பருவத்தை முடித்து வைத்த ‘தி சீக்ரெட்’டில் ஓர் அனாதைச் சிறுவனை மாளிகைவாசிகளான தம்பதியர் தத்தெடுக்கிறார்கள். இனிப்பாக ஊட்டுகிறார்கள். அவர்கள் இரத்தக் காட்டேரிகள், பையன் அவர்களுக்கு விருந்து. கடைசியில் பார்த்தால் பையனே ஓநாய்! குழந்தைத்தனமான யோசனைதான். ஆனாலும் ஊட்டி வளர்ப்பதும் உண்பதும் கதை முழுக்க ஓடுவதால் முடிவு ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறு 1992இல் வந்த ‘வேர்வுல்ஃப் கன்சர்ட்டோ’. ஜேம்ஸ் பாண்டாக நடித்த டிமோதி டால்டன் இருந்தும் அங்கம் எழவில்லை. விடுதி ஒன்றில் சிக்கிக்கொண்ட விருந்தினர்களில் யார் ஓநாய் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஓநாயாக மாறுபவனுக்கு அந்த மாற்றம் என்ன தந்தது, எதைப் பறித்தது என்ற கேள்வியே எழுவதில்லை. கடைசியில் ஓநாயும் வருகிறது, அதை வெல்ல இரத்தக் காட்டேரியும் வருகிறது. இரண்டு பூதங்களை ஒன்றாக இறக்கினால் திகில் இரட்டிப்பாகும் என்று நினைத்தார்கள் போலும். நடப்பது என்னவோ ஒன்றையொன்று தேய்ப்பதுதான்.

கடைசிப் பருவத்தின்போது தயாரிப்பு பிரிட்டனுக்கு மாறியது. காது மந்தமான பெட்டகத் திருடனுக்கு ஆந்தையின் செவித்திறனைப் பொருத்தும் கதை 1996இல் வந்தது. பூனை மனிதனின் தூரத்துச் சொந்தம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் உல்ரிக்குக்கு ஒன்பது என்ற எண் இருந்தது. ஒவ்வொரு சாவுக்கும் நேயரும் சேர்ந்து எண்ணினார். ஆந்தைக் காதுக்காரனோடு சேர்ந்து எண்ண எதுவும் இல்லை. தொடரின் மிகக் கடைசி அங்கமோ சித்திரப்படம். மூன்று பன்றிக்குட்டிகள் கதையில், உயிர் தப்பிய குட்டி ஃபிராங்கன்ஸ்டைன் பாணியில் ஒரு பூதப் பன்றியைத் தைத்து உருவாக்குகிறது. இரத்தமும் கெட்ட வார்த்தையும் தாராளம். நையாண்டி என்ற பெயரில் சத்தம்தான் மிச்சம்.

பழி முழுவதையும் பிரிட்டன்மீது போடுவது நியாயமில்லை. வலுவான கதைகளில் பலவற்றை முதல் மூன்று பருவங்களே எடுத்துக்கொண்டுவிட்டன. இ.சி. இதழ்கள் வெளிவந்தது ஐந்தே ஆண்டுகள், அந்தக் கிணற்றுக்கும் அடி உண்டு. பின்னால் வந்தவர்கள் இதழ்க்கதையின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே புதிதாக எழுதிய நேரங்களும் உண்டு.

பொம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரிப்ட் கீப்பரை வடிவமைத்த கெவின் யாகர், ‘சைல்ட்ஸ் பிளே’ படத்தின் சக்கி பொம்மையையும் உருவாக்கியவர். குரல் கொடுத்தவர் ஜான் காசிர். முதல் பருவத்தில் அந்தப் பொம்மை உண்மையிலேயே அருவருப்பாக இருந்தது. போகப்போக அது செல்லப்பிள்ளையாகி, திரைப்பட நட்சத்திரங்களையும் விளம்பரங்களையும் கேலி செய்யும் விதூஷகனாகிவிட்டது. 1993இல் சிறுவர்களுக்கான கார்ட்டூனிலும் தலைகாட்டியது. 93 அங்கங்களிலும் முழுமையாக நடந்தேறிய உருமாற்றம் இதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தொகுப்பாளர் சிரிப்பு மூட்டத் தொடங்கியதும் கதைகளும் அவர் பின்னால் போயின. யாகர் தாமே இயக்கிய ‘லோவர் பெர்த்’ அங்கம், இரட்டை முக மனிதனுக்கும் பதனிட்ட எகிப்திய உடலுக்கும் பிறந்த குழந்தையே இந்தக் காவலன் என்று அவனுக்குப் பிறப்புக் கதையே சொன்னது. அது சிரிக்கவும் வைத்தது, ஏனோ கொஞ்சம் கலங்கவும் வைத்தது.

1994இல் ஃபாக்ஸ் ஒளிவழியில் வெட்டுகளோடு மறு ஒளிபரப்பு வந்தது. 2016இல் மனோஜ் நைட் சியாமளன் தொடரை மீண்டும் கொண்டுவரப் போவதாக அறிவிக்கப்பட்டது. உரிமைச் சிக்கலால் 2017இல் டி.என்.டி. ஒளிவழி அந்த முயற்சியைக் கைவிட்டது. முதல் பருவம் 2005இல் டிவிடியாக வெளிவந்தபோது ஒரு பழைய வழக்கம் சத்தமில்லாமல் திரும்பியது. ஒரே மாலையில் நான்கு அங்கங்களைப் போட்டு, பிடிக்காததைத் தாண்டி, பூனை மனிதனை மட்டும் இரண்டாவது முறை பார்க்கிற வசதி நேயருக்குக் கிடைத்தது. 10 காசு இதழைப் புரட்டிய பையனும் அதைத்தான் செய்தான்.