நெகட்டிவ் போச்சு, படம் இருக்கு

மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது இருட்டறைதான்.

1970களில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கையாளாக நின்றேன். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்ததும் எங்களுக்கு ஓய்வே இல்லை. சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், டெவலப்பர் தட்டிலே வெள்ளைக் கடதாசியை ஆட்ட ஆட்ட முகம் கிளம்பி வரும். முதலில் தலைமயிர், மீசை, பிறகுதான் கன்னம். "அவசரப்படாதையும் தம்பி" என்பார் முதலாளி.

அடுத்தது ஹைப்போ. வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது அதுதான்; அந்தக் குணத்தை 1819இல் கண்டவர் ஜோன் ஹேர்ஷல். ஆனால் ஹைப்போவையும் நன்றாகக் கழுவிப் போக்கவேண்டும், இல்லையென்றால் காலப்போக்கில் படம் மஞ்சளாகி மங்கிவிடும். கிணற்றுத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவோம். சனம் வாசலில் நிற்கும்போது, உண்மையைச் சொன்னால், ஒன்றிரண்டு வாளி குறைத்ததும் உண்டு.

கொழும்பில் பேர்பெற்ற லயனல் வென்ட் 1944இல் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் பிரின்ற் போட்ட படங்கள்தான் மிச்சம். எங்கட ஸ்ரூடியோ நெகட்டிவ்களும் யுத்தத்தோடு போய்விட்டன. இங்கே ஒக்லாந்தில் கிளிப்டன் பேர்த் எடுத்த படங்களின் நெகட்டிவ்களை நகர நூலகம் பத்திரமாக வைத்திருக்கிறது. எங்கட நூலகமோ 1981இல் எரிந்தது.

போன மாதம் ஒரு அன்ரி, மகனின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்தா. வேறு படம் இல்லையாம்.

"ஏன் தம்பி மஞ்சளாப் போச்சு?"

"ஹைப்போ சரியாக் கழுவேல்லை, அன்ரி."

பின்பக்கம் எங்கட ஸ்ரூடியோ முத்திரை. கழுவினது ஆர் எண்டு நான் சொல்லேல்லை.