நுண்கடன் நிறுவனங்களின் பொதுப் பங்கு வெளியீடு

நன்கொடையையும் வங்கிக் கடனையும் நம்பி வளர்ந்த நுண்கடன் நிறுவனங்கள், தம் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றுப் பங்குச் சந்தையில் இடம்பெறும் நடைமுறை. இதன் வரலாற்றைத் தொடர்வதற்கு ஒரே கேள்வி போதும்: விற்ற பணம் யார் கைக்குப் போனது?

பெரிய சர்ச்சை மெக்சிகோவில் தொடங்கியது. 1990இல் தொண்டு நிறுவனமாகப் பிறந்த கொம்பார்த்தாமோஸ், 2006இல் வங்கி உரிமம் பெற்று, 2007 ஏப்ரலில் 30 விழுக்காட்டுப் பங்குகளை விற்றது. கிடைத்த 45 கோடி டாலருக்கும் அதிகமான தொகையில் ஒரு காசுகூட வங்கிக்கு வரவில்லை. புதிய பங்கு எதுவும் வெளியிடப்படாததால், எல்லாம் பழைய பங்குதாரர்களுக்கே போனது. கடன் வாங்கிய பெண்களோ, வரியும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கடனாளிகளே பெரும்பான்மைப் பங்குதாரர்களாக உள்ள கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

இந்தியாவில் அந்த வழியில் முதலில் வந்தது எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ். விக்ரம் அகுலா தொடங்கிய இந்நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்கு ஒன்று 985 ரூபாய்க்கு விற்று, சுமார் 1,650 கோடி ரூபாய் திரட்டியது. பங்குகள் பதின்மூன்று மடங்குக்கும் மேல் கேட்கப்பட்டன. விற்றவற்றில் பாதிக்கும் மேல் பழைய முதலீட்டாளர்களுடையவை. அக்டோபரிலேயே, கடன் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாகப் புகார்கள் குவிய, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அம்மாநிலத்தில் வாரத் தவணை வசூல் ஏறக்குறைய நின்றது. பங்கு விலை இரண்டே ஆண்டுகளில் நூறு ரூபாய்க்கும் கீழே போனது. பழியை முழுக்கப் பங்குச் சந்தையின் தலையில் கட்டுவது சரியல்ல; ஒரே வீட்டுக்கு நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்த வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் வேகமான வளர்ச்சியைக் காட்டியாக வேண்டும் என்ற அவசரத்தைச் சந்தை கூட்டியது.

இந்த நெருக்கடியை ஆராய்ந்த மாலேகம் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 2011இல், ரிசர்வ் வங்கி 26 விழுக்காடு வட்டி உச்சவரம்பு விதித்தது. நுண்கடனுக்கெனத் தனி நிறுவன வகையையும் உருவாக்கியது.

அடுத்த அலைக்கு உரிம நிபந்தனைகளே காரணம். சிறு நிதி வங்கி உரிமத்துக்காக அயல்நாட்டுப் பங்கைக் குறைக்க வேண்டியிருந்த சென்னை ஈக்விடாஸ், 2016 ஏப்ரலில் 110 ரூபாய் விலையில் சுமார் 2,177 கோடி திரட்டியது. அதில் 720 கோடிதான் புதிய மூலதனம். 2018 மார்ச்சில் சுமார் 4,473 கோடி திரட்டிய நுண்கடனில் வளர்ந்த கொல்கத்தாவின் பந்தன் வங்கியில் கணக்கு மாறியது: பெரும்பகுதி வங்கிக்கே சேர்ந்தது.