ரோட்டரி தீர்மான முறை

ரோட்டரி சங்கங்கள் தங்கள் பன்னாட்டு அமைப்பின் விதிகளையும் கொள்கைகளையும் மாற்றும்படி முன்மொழிந்து, அதை வாக்கெடுப்புக்குக் கொண்டு செல்லும் ஒழுங்குமுறை. முன்மொழிவுகள் இருவகை. அமைப்புச் சட்டத்தையோ துணை விதிகளையோ மாற்றுவது சட்டத் திருத்தம். நிறைவேறினால் எல்லாச் சங்கங்களையும் கட்டுப்படுத்தும். இயக்குநர் குழுவிடமோ அறக்கட்டளையின் அறங்காவலர்களிடமோ ஒன்றைப் பரிசீலிக்கும்படி கேட்பது தீர்மானம். அது பரிந்துரையாக மட்டுமே நிற்கும்.

1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய இயக்கம் பெருகியபோது, ஆண்டு மாநாடே விதிகளை வகுத்தது. அக்காலத் தீர்மானங்களில் இன்றும் பேசப்படுவது 1923-இல் செயின்ட் லூயிஸ் மாநாடு ஏற்ற 34ஆம் தீர்மானம். உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான பணி போன்றவற்றைச் சங்கமே ஏற்று நடத்த வேண்டும் என்றது ஒரு தரப்பு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொழிலில் சேவை மனப்பான்மையைக் கடைப்பிடிப்பதே ரோட்டரி என்றது மறுதரப்பு. இயக்கம் பிளவுபடக்கூடிய நேரத்தில், இரண்டுக்கும் இடம் தந்து, எந்தப் பணியைச் செய்வது என்பதை அந்தந்தச் சங்கத்தின் முடிவுக்கே விட்டது அத்தீர்மானம்.

மாநாட்டுக் கூட்டம் பெருகவே, நிதானமான விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1933-இல் பாஸ்டன் மாநாடு சட்டமியற்று கவுன்சிலை ஏற்படுத்தியது. அது முதலில் 1934-இல் கூடியது. நெடுங்காலம் ஆலோசனை அவையாக மட்டும் இருந்த கவுன்சிலையே சட்டமியற்றும் அவையாக்க 1970-இல் அட்லாண்டா மாநாடு முடிவெடுத்தது. இப்போது, பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி வீதம் மூன்றாண்டுக்கு ஒருமுறை அது கூடுகிறது. ஒரு சங்கத்தின் முன்மொழிவு முதலில் அதன் மாவட்டத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பிறகு கவுன்சிலில், அமைப்புச் சட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. துணை விதிகளுக்குப் பெரும்பான்மை போதும்.

இந்த வழி எவ்வளவு நீண்டது என்பதைப் பெண் உறுப்பினர் விவகாரம் காட்டுகிறது. சங்க விதிகளிலிருந்து ‘ஆண்’ என்ற சொல்லை நீக்கும்படி 1950-இல் முன்மொழிந்தது ஓர் இந்தியச் சங்கம். 1964-இல் இலங்கைச் சங்கம் ஒன்று பெண்களைச் சேர்க்க அனுமதி கேட்டது. அதைத் திரும்பப் பெறும்படி பிரதிநிதிகள் வாக்களித்தனர். 1980-இல் இந்தியா, சுவீடன், சுவிட்சர்லாந்து, அமெரிக்க நாட்டுச் சங்கங்களோடு இயக்குநர் குழுவும் சேர்ந்து முயன்றும் மாற்றம் வரவில்லை. இதற்கிடையே கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ள, 1978-இல் அதன் பட்டயம் பறிக்கப்பட்டது. அதையொட்டி எழுந்த வழக்கு 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெண்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதன்பின் 1989-இல் கூடிய கவுன்சில்தான் ஆண்களுக்கு மட்டுமே இடம் என்ற விதியை நீக்கியது. நீதிமன்றம் குறுக்கிடும்வரை காத்திருந்தது ரோட்டரிக்குப் பெருமை சேர்ப்பதல்ல. வழிகாட்டிய பெருமை தெற்காசியாவின் அந்த இரு சங்கங்களுக்கே உரியது.

தீர்மானங்களுக்கென்று ஆண்டுதோறும் இணையவழியில் கூடும் தனி அவையை 2016-இன் கவுன்சில் உருவாக்கியது. 2017-இல் அது செயல்படத் தொடங்கியது. மூன்றாண்டு காத்திராமல் ஒரு சிறு சங்கமும் தன் கோரிக்கையை ஆண்டுதோறும் எழுப்பலாம் என்பது நல்ல முன்னேற்றம். ஆயினும் ஒரே மண்டபத்தில் எழுந்து நின்று வாதிட்டு, எதிர்த்தரப்பின் மனத்தை மாற்றும் வாய்ப்பை இணைய வாக்கெடுப்பு ஈடுசெய்யவில்லை.