விழிதியூர்: ஊர்ப்பெயரில் அசையும் சொல்லாக்கமும்

விழிதியூர், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் நிரவி கொம்யூனைச் சேர்ந்த ஊர். இப்பெயரைச் சொல்லாக்க நோக்கில் பிரித்தால் விழிதி, ஊர் என இரண்டாகும். இடையில் யகர உடம்படுமெய் வந்து இகரத்தையும் ஊகாரத்தையும் இணைக்கிறது. அலகிட்டாலோ விழி, தியூர் என இரு நிரையசைகளாகிக் கருவிளச் சீர் ஆகிறது. சொல் பிரியும் இடத்தில் அசை பிரியவில்லை. அசை செவிவழிப் பட்டது, பொருள்வழிப் பட்டதன்று. இத்தாலிய மொழியின் பெயர்ச்சொற்களிலும் இதைக் காணலாம். சிடுசிடுப்பைக் குறிக்கும் ‘மலுமோரே’ என்பது மல், உமோரே என்னும் இரண்டின் சேர்க்கை. ஒலிக்கும்போது லகரம் முன்சொல்லை விட்டு அடுத்த உயிரோடு சேர்ந்து ம-லு-மோ-ரே என்றாகிவிடும். நிரையசையில் இரண்டு உயிர்கள் உள்ளனவே, இந்த ஒப்பீடு தகுமா என்று கேட்கலாம். உயிருக்கு ஓர் அசையாக வி-ழி-தி-யூர் என்று பகுத்தாலும் யகரம் ஊகாரத்தோடுதான் நிற்கிறது.

இரு மொழிகளும் பிரியும் இடம் அழுத்தம். இத்தாலியத்தில் அது பெரும்பாலும் ஈற்றயல் அசையில் விழும். இடம் மாறினால் பொருளும் மாறும். ‘அங்கோரா’வின் முதலசையை அழுத்தினால் நங்கூரம், இரண்டாம் அசையை அழுத்தினால் ‘இன்னும்’. வீட்டைக் குறிக்கும் ‘காசா’ சிறுவீடாகிக் ‘காசெத்தா’ ஆகும்போது அழுத்தம் விகுதிக்கு நகர்கிறது. தமிழிலும் முதலசை சற்று ஓங்கி ஒலிக்கிறதே என்பர், உண்மைதான். ஆனால் அந்த ஓங்கலை இடம் மாற்றிச் சொன்னாலும் வேறு சொல் பிறக்காது. படு, பாடு, பட்டு என வேறுபடுத்துவது நெடிலும் ஒற்றுமே. இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவரும் தொன்னூல் விளக்கத்தின் யாப்புப் பகுதியில் தமிழ் மரபுப்படி குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டே அசை வகுத்தார்.

ஒற்றின் வலிமை காரைக்கால் என்ற பெயரிலேயே தெரிகிறது. காரை, கால் இரண்டும் சேரும்போது மிகும் ககர ஒற்று முன்னசையை மூடி, கா-ரைக்-கால் எனத் தேமாங்காய்ச் சீராக்குகிறது. இத்தாலியத்திலும் சொப்ரா, சில்யோ சேர்ந்து புருவத்தைக் குறிக்கும் ‘சொப்ரச்சில்யோ’ ஆகையில் சகரம் இரட்டிக்கிறது. 1739 முதல் இப்பகுதியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் எழுத்தில் ஊர்ப்பெயர் ‘காரிகால்’ ஆயிற்று. அதில் ஒற்று இல்லை. ‘ரிகால்’ நிரையசையாகிவிட, கிடைப்பது கூவிளச் சீர்.